நீமோவின் அப்பா

எங்கள் வீட்டில் சீலா மீன் காய்ச்சினால் மகள் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "சரி, பழி வாங்கியாச்சு" என்பாள். விருந்தாளிகள் யாரும் இருந்தால் திகைத்துப் போவார்கள். பாரை, விளை, சூடை, கும்பிளா எதுவந்தாலும் அவள் இப்படிச் சொல்வதில்லை. அவையெல்லாம் அவளுக்கு வெறும் கறி. சீலாதான் குற்றவாளி. நீமோவின் அம்மாவைத் தின்ற மீன் அது.

இந்தப் பகை 2005இல் தொடங்கியது. அப்போது அவளுக்கு 5 வயது. இப்போது இருபதைத் தாண்டிவிட்டாள், பகை மட்டும் அப்படியே கிடக்கிறது.

நான் சாம்பல்தீவில் படகு எஞ்சின் பழுதுபார்க்கிறவன். திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதியால் வந்தால், உப்புவெளி கழியக் களப்பின் மேல் ஒரு பாலம் வரும். பாலம் தாண்டினால் எங்கள் ஊர், கடற்பக்கமாகத் திரும்பினால் சல்லி. என் தகப்பனார் கரைவலை இழுத்தவர். நானோ கடலுக்குப் போகிற எஞ்சின்களைக் கரையில் வைத்துக் கழற்றிப் பூட்டி அனுப்புகிறேனே தவிர, அவற்றோடு கடலுக்குப் போனதில்லை. எஞ்சினின் விசிறியைத் தண்ணீர் நிரப்பிய பெரலுக்குள் இறக்கித்தான் ஓடவிட்டுப் பார்ப்பேன். எனக்குத் தெரிந்த கடல் அந்தப் பெரல்தான் என்று மச்சான் பகிடி பண்ணுவார்.

'ஃபைண்டிங் நீமோ' 2003 மே மாதம் 30ஆம் திகதி அமெரிக்காவில் வெளியானது. எடுத்தது பிக்ஸார் நிறுவனம், இயக்கியவர் அன்ட்ரூ ஸ்டான்டன். மறுவருடம் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஒஸ்கார் விருதும் அதற்குக் கிடைத்தது. அதே 2003இல்தான் எங்கள் நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரத்தில் கிடக்கிற புறாமலையைத் தேசிய பூங்காவாக அறிவித்தார்கள். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என் மனதில் மட்டும் இரண்டும் ஒன்றாகக் கிடக்கின்றன. ஏன் என்பது கடைசியில் விளங்கும்.

படத்தைப் பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அவுஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் மார்லின் என்றொரு கோமாளி மீன். மனைவி பெயர் கோரல். நானூறுக்கு மேற்பட்ட முட்டைகள். ஒரு சீலா வருகிறது. அது தின்பதைப் படம் காட்டுவதில்லை. வாலால் அடிபட்டு மார்லின் மயங்கி விழுகிறான், விழித்துப் பார்த்தால் இருட்டு. மனைவி இல்லை, முட்டை கிடந்த குழி வெறுமையாக இருக்கிறது. மூலையில் ஒரேயொரு முட்டை, அதிலும் ஒரு கீறல். அதைத் தாங்கிப் பிடித்து, உனக்கு ஒன்றும் நடக்க விடமாட்டேன் என்று சொல்கிறான். அந்த முட்டையில் பிறந்தவன்தான் நீமோ. ஒரு பக்கத்துச் செட்டை கட்டை.

பள்ளிக்கூடம் போகிற முதல் நாளிலேயே தகப்பனோடு கோபித்துக்கொண்டு நீமோ ஒரு படகைத் தொடப் போகிறான். சுழியோட வந்த பல் வைத்தியர் ஒருவர் அவனைப் பிடித்துப் போய் சிட்னியில் தன் கண்ணாடித் தொட்டியில் விடுகிறார். தகப்பன் தேடிப் புறப்படுகிறான். எதையும் ஞாபகம் வைத்திருக்க ஏலாத டோரி என்ற நீல மீன் வழித்துணை. மிச்சக் கதை அந்தத் தேடல்.

உண்மையான கோமாளி மீன் தான் குடியிருக்கிற கடற்சாமந்தியை விட்டுச் சில மீற்றருக்கு அப்பால் போகவே பயப்படும். பவளத்திட்டில் இருந்து சிட்னிக்கு ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல். மார்லின் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது இந்தக் கணக்குத் தெரிந்தால்தான் விளங்கும்.

நாங்கள் படத்தை முதன்முதல் பார்த்தது திரையாகக் கட்டிய கட்டில் விரிப்பில். 2005 நடுப்பகுதி, சுனாமிக்குப் பிறகு தகரக் கூரைக் கொட்டில்களில் இருந்த காலம். ஒரு தொண்டு நிறுவனத்துப் பிள்ளைகள் ஜெனரேற்றரும் புரொஜெக்டரும் கொண்டுவந்தார்கள். படம் ஆங்கிலத்தில் ஓடியது. ஒரு தம்பி திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் கதை சொன்னார். ஊமைப்பட காலத்தில் இப்படி ஆள் நின்று கதை சொல்வார்கள் என்று என் தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு டோரி 'மறதி மாமி' ஆனதும், 150 வயது ஆமை 'ஆமை அண்ணா' ஆனதும், பாடம் படிப்பிக்கிற திருக்கை 'திருக்கை சேர்' ஆனதும் அந்தத் தம்பியால்தான். இன்றைக்கும் எங்கள் வீட்டில் சாவியை வைத்த இடம் மறந்தவர் மறதி மாமிதான்.

ஆனால் தொடக்கத்தில் அந்த வெறும் குழி திரையில் வந்தபோது தம்பியின் வாய் நின்றுவிட்டது. சனம் ஒரு சத்தமும் இல்லை, ஜெனரேற்றர் மட்டும் இரைந்தது. பின்வரிசையில் ஒரு தாய் எழும்பித் தன் கொட்டிலுக்குப் போய்விட்டா. என் மனுசி என் கையைப் பிடித்தா. கடல் வந்து தாயையும் சகோதரங்களையும் கொண்டுபோய் 6 மாதம்கூட ஆகாத பிள்ளைகளுக்கு இப்படியொரு படத்தையா கொண்டுவருவது? கொண்டுவந்தவர்களுக்கே பிறகுதான் விளங்கியது. மீன் கார்ட்டூன்தானே என்று நினைத்துவிட்டோம், முழுக்கப் பார்க்கவில்லை என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்கள். நிப்பாட்டுங்கோ என்று இரண்டு பேர் குரல் கொடுத்தார்கள்.

பிள்ளைகள் நிப்பாட்ட விடவில்லை. பெரியவர்கள் நாங்கள்தான் நடுங்கினோம், அவர்கள் முன்னே தவழ்ந்து போய் திரைக்குக் கிட்ட இருந்துகொண்டார்கள். அந்தக் குழந்தை மீனுக்கு அடுத்து என்ன நடக்குது என்று தெரியவேண்டும் அவர்களுக்கு. தாய் இல்லாத ஒருவன் கதாநாயகன் என்பது அங்கிருந்த சில பிள்ளைகளுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று நான் பின்னாட்களில் பலமுறை யோசித்திருக்கிறேன். அன்று யோசிக்கவில்லை, அன்று எனக்கு என் பாடு.

என் பாடு என்னவென்றால், நான் மூன்று மணித்தியாலம் மார்லினாக இருந்தவன்.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, போயா, நத்தாருக்கு மறுநாள். நாலு வயது மகள் சல்லியில் அம்மம்மா வீட்டில் நின்றாள். சுனாமி என்ற சொல் அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. "கடல் வருகுது" என்றுதான் சனம் கத்திக்கொண்டு ஓடியது. நான் சனத்துக்கு எதிராக ஓடினேன். சல்லி வீட்டுக்குக் கிட்டப் போக முடியவில்லை, போக முடிந்த இடத்தில் ஆட்கள் இல்லை. பிறகு திரும்பி, காணுகிற எல்லோரிடமும் ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டு நடந்தேன். மஞ்சள் சட்டை, நாலு வயசுப் பிள்ளை, கூட ஒரு வயதான அம்மா. தமிழ் ஆட்கள், முஸ்லிம் ஆட்கள், சீருடைக்காரர், எல்லோரிடமும். சிங்களத்தில் மஞ்சளுக்கு 'கஹ' என்று சொல்ல எனக்கு அன்றுதான் ஒருவர் சொல்லித் தந்தார்.

உள்பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் வாசலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மகள் படியில் இருந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. "நீங்கள் வாறீங்கள் எண்டு ஒரு மாமா சொன்னவர்" என்றாள். எந்த மாமா? தெரியாது. நான் வழியில் சொன்னதை ஒருவர் கேட்டு, அவர் ட்ராக்டரில் போன இன்னொருவரிடம் சொல்லி, அது எனக்கு முன்னே போய்ச் சேர்ந்திருக்கிறது. அம்மம்மா பின்னால் ஒரு பாயில் படுத்திருந்தா, கால் முறிந்திருந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தேடி வந்த எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. இதற்கு மேல் அதை எழுதமாட்டேன்.

படத்தில் ஒரு காட்சி உண்டு. மார்லின் தன் கதையை ஆமைக் குஞ்சுகளுக்குச் சொல்கிறான். குஞ்சுகள் சின்ன மீன்களுக்குச் சொல்ல, அவை சிங்கி இறாலுக்குச் சொல்ல, டொல்பினுக்குப் போய், பறவைகளுக்குப் போய், கடைசியில் ஒரு கூழைக்கடா பல் வைத்தியரின் யன்னலில் வந்திருந்து நீமோவிடம் சொல்கிறது, உன் அப்பா சுறாவோடு சண்டை பிடித்துக்கொண்டு வாறார் என்று. தகப்பன் இன்னும் கடலில்தான் கிடக்கிறான், செய்தி முந்திவிட்டது. விமர்சகர்கள் இதைத் திரைக்கதை உத்தி என்பார்கள். அந்தக் கட்டில் விரிப்பில் அதைப் பார்த்தபோது எனக்கு ட்ராக்டர்தான் தெரிந்தது.

எங்கள் கொட்டிலுக்கு எதிர்க்கொட்டிலில் ஒரு மனிதர் இருந்தார். மனைவி போய்விட்டா, இரண்டு பெண்பிள்ளைகள். காலையில் வாசலில் ஒரு வாங்கில் போட்டு மூத்தவளை முன்னால் இருத்தித் தலை பின்னுவார். வலை முடிகிற கை அது. மூன்று புரி பிரித்து இறுக்கிப் பின்னுவதில் பிழையே இல்லை, ஆனால் வகிடு எடுக்கத் தெரியாது. பின்னல் ஒரு பக்கம் காதுக்கு மேலேயும் மற்றப் பக்கம் பிடரியிலுமாக நிற்கும். பிள்ளை அப்படியே பள்ளிக்கூடம் போகும். ஒரு மாதம் கழித்து வகிடு நேராகிவிட்டது. எப்படியென்று மனுசி கேட்டா. சீப்பின் வால் பக்கத்தால் மூக்கு நுனியைப் பார்த்து ஒரு கோடு இழுத்தால் போதும் என்று, ஏதோ எஞ்சின் வேலை சொல்லித் தருகிற மாதிரிச் சொன்னார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மகள் உயர்தரத்தில் உயிரியல் எடுத்த பிறகு ஒருநாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, "அப்பா, நீமோ படம் பொய்" என்றாள். கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் தொடங்குமாம். ஒரு கடற்சாமந்தியில் ஒரு குடும்பம், அதில் ஆகப் பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றவை சின்னன். பெண் செத்துப்போனால் ஆண் பெண்ணாக மாறிவிடும், சின்னதுகளில் பெரியது ஆணின் இடத்துக்கு வரும். அப்படியென்றால் கோரல் செத்த பிறகு மார்லின் நீமோவைத் தேடிப் போயிருக்க மாட்டான், மார்லின் நீமோவுக்கு அம்மாவாகியிருப்பான். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு எதிர்க்கொட்டிலும் சீப்பின் வாலும்தான் ஞாபகம் வந்தன. பொய் என்று சொல்ல வாய் வரவில்லை.

மீன் வேலைகளில் மற்றப்படி படம் எடுத்தவர்கள் நன்றாகவே மினக்கெட்டிருக்கிறார்கள். மீன்களின் உடலமைப்பை ஆராய்கிற அடம் சம்மர்ஸ் என்ற விஞ்ஞானியைக் கூப்பிட்டு, படம் வரைகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பித்திருக்கிறார்கள். முட்டைகளைத் தகப்பன் மீன் காவல் காத்துச் செட்டையால் விசிறுவது உண்மை. கடற்சாமந்தியின் கொடுக்கு மற்ற மீன்களைக் கொன்றுவிடும், கோமாளி மீனின் உடம்பில் இருக்கிற வழுவழுப்பு அதைக் காப்பாற்றும், அதுவும் உண்மை. எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் கடற்சாமந்திக்குக் கடலனிமனி என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டால் பூ ஞாபகமே வராது, ஏதோ மாத்திரை மாதிரி இருக்கும். பிழையும் உண்டு. திமிங்கலத்தின் வாய்க்குள் போன மார்லினும் டோரியும் அதன் மூச்சுத் துளையால் வெளியே வருகிறார்கள். திமிங்கலத்தின் வாயும் மூச்சுக்குழாயும் அப்படித் தொடுத்துக் கிடப்பதில்லை. பரவாயில்லை, வேறு எதனால் அவர்களை வெளியே எடுப்பது?

ஸ்டான்டன் இந்தக் கதையைப் பிடித்த விதம் எனக்குப் பிடிக்கும். சின்ன வயதில் அவர் போன பல் வைத்தியரிடம் ஒரு மீன் தொட்டி இருந்ததாம். அந்த மீன்கள் வீட்டுக்குப் போக ஆசைப்படுமா என்று யோசித்திருக்கிறார். அது ஒரு பாதி. மற்றப் பாதி அவர் தகப்பனான பிறகு வந்தது. 5 வயது மகனைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனவர், வழி முழுக்க அதைத் தொடாதே, இதில் விழுந்துவிடாதே என்று சொல்லிச் சொல்லியே அந்த நேரத்தைத் தொலைத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். கலிபோர்னியாவில் ஒரு பூங்காவில் நின்று ஒரு தகப்பனுக்கு வந்த பயம். கடல் வராத இடத்திலும் அப்பன்மார் இப்படித்தான்.

என் வீட்டில் அது சட்டமாகவே இருந்தது. பாலத்தில் நின்று களப்பை எட்டிப் பார்க்கக் கூடாது. சல்லி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனால் கரைப்பக்கம் போகக் கூடாது. கிணற்றுக் கட்டில் சாயக் கூடாது. பாடசாலைச் சுற்றுலா மார்பிள் கடற்கரைக்கு என்றால் அன்று காய்ச்சல் என்று கடிதம் எழுதுவேன். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை என்பது வகுப்பாசிரியைக்குத் தெரியும், அவவும் ஒன்றும் கேட்பதில்லை. ஊரில் எத்தனையோ வீட்டில் அந்த வருடங்களில் இதே காய்ச்சல்தான்.

இந்தப் பயத்தைத் தெரிந்துகொண்டே மகள் அந்த டிவிடியைத் திரும்பத் திரும்பப் போடுவாள். உண்மையைச் சொன்னால் கள்ள டிஸ்க், நகரத்தில் 100 ரூபாய்க்கு வாங்கியது, ஆமைக் காட்சிக்குக் கிட்டச் சிக்கும். திமிங்கலத்தின் வாய்க்குள் ஒரு இடம் வரும். அவனுக்கு ஒன்றும் நடக்க விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேனே என்று மார்லின் புலம்புகிறான். டோரி யோசித்துவிட்டு, இது என்ன விசித்திரமான வாக்கு, ஒன்றுமே நடக்காவிட்டால் அவனுக்குப் பிறகு ஒன்றுமே நடக்காதே என்ற மாதிரி ஒன்று சொல்வாள். ஞாபகசக்தி இல்லாதவளின் வாயில் அதைப் போட்டிருக்கிறார்கள். அந்த இடம் வரும்போது மகள் திரையைப் பார்க்கமாட்டாள், என்னைப் பார்ப்பாள். நான் எழும்பிக் கச்சான் எடுக்கப் போய்விடுவேன். இந்தியாவில் இதை வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம்: நாங்கள் கச்சான் என்பது உங்கள் வேர்க்கடலையை.

படத்தோடு எனக்கு ஒத்துவராத இடம் ஒன்று இருக்கிறது. கடைசியில் ஒரு மீன்பிடிப் படகின் வலை பெரிய மீன்கூட்டத்தை அள்ளுகிறது, டோரியும் உள்ளே. நீமோ துணிந்து வலைக்குள் போய், எல்லோரும் கீழ்நோக்கி நீந்துங்கள் என்கிறான். நூற்றுக்கணக்கான மீன் ஒன்றாகக் கீழே இழுக்க, வலை அறுந்து விழுகிறது. பார்க்கிற பிள்ளைகள் கைதட்டுவார்கள், எங்கள் கொட்டில் பிள்ளைகளும் தட்டினார்கள். நான் தட்டவில்லை.

கரைவலையைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தோணியில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக வளைத்துவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பார்கள். ஒரு பக்கத்துக்குப் பத்து, பதினைந்து பேர். இழுக்க இழுக்க மீன் எல்லாம் நடுவில் இருக்கிற மடிக்குள் போய்ச் சேரும். மடி கரை தட்டுகிற நேரம்தான் மனிதர்களின் முகத்தைப் பார்க்கவேண்டும். எனக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும், ஒருநாள் பாரைக் கூட்டம் ஒன்று அம்பிட்டது. மடி கரைக்கு வர முப்பது யார் இருக்கையில் தண்ணீர் கொதிக்கிற மாதிரிக் கிளம்பியது, கயிறு ஒரேயடியாகத் தொய்ந்துவிட்டது. மடி வெடித்துவிட்டது. சம்மாட்டி தலையில் கையை வைத்துக்கொண்டு மணலில் குந்திவிட்டார். என் தகப்பனார் பங்குக்காரர், சம்பளக்காரர் அல்ல. மீன் இல்லையென்றால் பங்கும் இல்லை. அன்று வீட்டில் கஞ்சி.

மீன்கள் அப்படி ஒன்றாகச் சேர்ந்து வலையை அறுக்குமா என்று யாரும் கேட்டால், அறுக்கும், நான் கண்டிருக்கிறேன். ஆனால் அது வெற்றியா தோல்வியா என்பது நீங்கள் வலைக்கு எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. இதை மகளுக்கு ஒரு தடவை விளங்கப்படுத்தினேன். கேட்டுவிட்டு, "அப்ப அப்பப்பா பாவம், பாரையும் பாவம்" என்றாள். ஏழு வயதில். எனக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

படம் பார்த்த புதிதில் 11 நாள் மீனே தின்னவில்லை அவள். சாம்பல்தீவில் மீன் தின்னாத பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பருப்பும் சொதியுமாகவே போனது. பன்னிரண்டாம் நாள் மனுசி சீலா காய்ச்சி, "இது அந்தக் கெட்ட மீன்" என்றா. அன்று தின்றவள்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு மீனுக்கும் ஒரு குற்றம் தேடிக் கண்டுபிடித்து, மூன்று மாதத்தில் பழையபடி எல்லாம் தின்றாள்.

நீமோ வேண்டும், தொட்டியில் வளர்ப்போம் என்றும் கொஞ்சக்காலம் நின்றாள். உலகம் முழுக்கப் பிள்ளைகள் அப்படி அடம்பிடித்ததாகவும், அதனால் கடலில் கோமாளி மீன் அழிகிறதென்றும் அந்த நாளில் பத்திரிகைகள் எழுதின. பிறகு 2016இல் டோரியை வைத்து அடுத்த படம் வந்தபோது ஆய்வாளர்கள் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். அந்த நீல மீனைப் பற்றி இணையத்தில் தேடுவது சில கிழமைகள் கூடியதே தவிர, அமெரிக்காவுக்குள் மீன் இறக்குமதி கூடியதற்குச் சான்று அகப்படவில்லை. கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துப் பெருக்கவும் முடியும். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் மண்டபத்தில் இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதைச் செய்திருக்கிறார்கள். எங்கள் கிழக்குக் கடலில் சுழியோடிகள் இன்றும் அலங்கார மீன் பிடித்துக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள், அங்கிருந்து அவை விமானம் ஏறும். அவர்களுடைய எஞ்சினையும் நான்தான் பழுதுபார்க்கிறேன். ஆகையால் பெரிய கதை கதைக்க எனக்கு உரிமை இல்லை. மகளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது இரண்டு தங்க மீன். 9 நாள் இருந்தன.

2018 ஆகஸ்ட் விடுமுறையில் அவள் புறாமலைக்குப் போகவேண்டும் என்றாள். தோழிகள் நாலு பேர், படகு மச்சானுடையது. நான் வழக்கம்போலக் காய்ச்சல் கடிதம் எழுதுகிற முகத்தோடு நின்றேன். "கேக்க வரேல்லை அப்பா, சொல்ல வந்தனான். நீங்களும் வாங்கோ" என்றாள். பதினெட்டு வயது.

வாடைக் காலத்தில் எங்கள் பக்கக் கடலைப் பார்க்கவே பயமாக இருக்கும். ஆகஸ்டில் அது கண்ணாடி. நிலாவெளியிலிருந்து கால் மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. புறாமலை என்று நாங்கள் சொல்வது இரண்டு தீவுகளை. பெரியதில் பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் கூடுகட்டும், பெயர் அதனால் வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் சுடப் பழகுவதற்கு அந்தத் தீவைப் பாவித்திருக்கிறார்கள். 1963இல் சரணாலயம், 2003இல் பூங்கா. கரையில் மணலைவிட முருகைக்கல் துண்டுகள்தான் அதிகம். காலில் குத்தும், நடக்கையில் ஓட்டுத்துண்டு மாதிரிச் சத்தம் போடும். 1998இல் கடல் சூடாகி ஹிக்கடுவைப் பக்கத்து முருகைகள் வெளிறிச் செத்தபோது திருகோணமலைக் கடல் பெரும்பாலும் தப்பிவிட்டது. அப்படித் தப்பியதை இப்போது சனம் காலால் மிதித்துக்கொண்டு நிற்கிறது. இடுப்பளவு தண்ணீரில் களைத்துப்போனவர் நிற்க இடம் தேடுவார், அவருக்குக் கல் மாதிரித் தெரிவது உயிருள்ள முருகை. காவலர்கள் ஊதுகுழல் ஊதிக்கொண்டே இருக்கிறார்கள்.

நான் உயிர்காப்பு அங்கியைக் கட்டி முடிக்க முதல் மகள் படகு விளிம்பில் இருந்து பின்பக்கமாகச் சரிந்து தண்ணீருக்குள் போய்விட்டாள். அங்கி போடவில்லை. எனக்குக் குரல் வரவில்லை. பத்து யார் தள்ளித் தலை வெளியே வந்தது, தண்ணீரைத் துப்பிக்கொண்டு சிரித்தாள். பிறகு நீந்தினாள். தடுமாறவே இல்லை, அளவான வீச்சு.

நான் மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை வருசம்?" என்றேன்.

"மூண்டு. களப்பிலதான் அத்தான், கழுத்துத் தண்ணிக்கு மேல விடேல்லை."

மனுசிக்கும் தெரிந்திருக்கிறது, அம்மம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. சாம்பல்தீவு முழுக்கத் தெரிந்திருக்கிறது, பெரலுக்குள் கடல் பார்க்கிறவனுக்கு மட்டும் தெரியாது.

அவளே வந்து என்னை இறக்கினாள். கண்ணாடியை முகத்தில் மாட்டி, குழாயை வாயில் வைத்து, ஒரு கையால் என் அங்கியின் பட்டியைப் பிடித்துக்கொண்டாள். முகத்தை உள்ளே வைத்த முதல் நிமிடம் என் மூச்சின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. பிறகு மான்கொம்பு மாதிரி முருகைகள் தெரிந்தன. கிளி மீன் ஒன்று முருகையைக் கடிக்கிற சத்தம், கற்கண்டு நொறுக்குகிற மாதிரி. தூரத்தில் செட்டை நுனி கறுத்த சுறாக்குட்டி ஒன்று போனது. மனிதர்களை ஒன்றும் செய்யாத இனம் என்று மகள் கரையிலேயே படிப்பித்திருந்தாள், அப்படியும் நான் அவள் கையைப் பிடித்தேன்.

கடற்சாமந்தியை அவள்தான் விரலால் காட்டினாள். காற்றில் ஆடுகிற வைக்கோல் நிறத்தில் ஒரு கொத்து. அதற்குள் நீமோ இல்லை. நீமோவின் இனம் அந்தமான் கடல் தொட்டுக் கிழக்கேதான், எங்களிடம் அது கிடையாது. எங்களுடையது கிளார்க் கோமாளி மீன், கறுத்த உடம்பு, வெள்ளைப் பட்டி, மஞ்சள் வால். இரண்டு நின்றன. நான் கிட்டப் போக, பெரியது வெளியே வந்தது. என் உள்ளங்கையளவுகூட இல்லை. நேரே வந்து என் கண்ணாடியில் முட்டியது. திரும்பிப் போய் மறுபடி வந்து முட்டியது. டொக், டொக். மூன்றாம் தரம் நான் பின்னுக்கு வந்துவிட்டேன்.

தலையை வெளியே எடுத்ததும் மகள் சொன்னாள், "உங்களை முட்டினது அம்மா. பெரிசு அதுதானே." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "ஆனா ஒரு காலத்தில அது அப்பாவா இருந்திருக்கும்" என்றாள்.

திரும்பி வருகையில் நிலாவெளிக்கும் தீவுக்கும் நடுவில் எஞ்சின் இருமி நின்றது. மச்சான் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். போன மாதம் அந்த எஞ்சினைக் கழுவித் துடைத்துப் பூட்டிக் கொடுத்தது நான்தான் என்பதை அவர் சொல்லவில்லை, முகம் சொன்னது. படகு நீரோட்டத்தோடு மெதுவாகத் திரும்பத் தொடங்கியது. தோழிப் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் எழும்பிப் பின்பக்கம் போனேன். கவர் கழற்றி, பிளக்கைக் கழற்றினால் முனையெல்லாம் கரி. பெரலுக்குள் ஓடுகிற எஞ்சின் ஆடாது, இது ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு கையால் படகைப் பிடித்தால் வேலை செய்ய மற்றக் கை மட்டும்தான் மிச்சம்.

மகள் பக்கத்தில் வந்து குந்தினாள். என் பெல்ட்டைப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, பயமா?"

"பேசாமல் அந்தச் சீலைத்துண்டைத் தா."